பாளையங்கோட்டை வெயிலுக்கு ஒரு கிட்டார்: யமஹா எஃப்ஜி 800

அக்டோபர் பிறந்தால் எங்கள் சபைப் பாடகர் குழுவில் யாருக்காவது கிட்டார் ஆசை வந்துவிடும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் இருக்கிறது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது கையில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்ற நினைப்பு. உடனே எனக்கு போன் வரும். "எண்ணே, இருபதாயிரத்துக்குள்ள நல்ல கிட்டாரா ஒண்ணு சொல்லுங்க." சில வருடங்களாக என் பதில் மாறவில்லை. யமஹா எஃப்ஜி 800, கை சின்னதாக இருந்தால் எஃப்எஸ் 800. விலை இருபதை ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ நிற்கும். தள்ளுபடி வரும் வரை காத்திருக்கலாம். ஆனால் எதை வாங்கினாலும் ஆயிரம் இரண்டாயிரத்தைத் தனியே எடுத்து வை, கடையிலிருந்து வந்த வாக்கில் அப்படியே வாசிக்காதே என்றும் சொல்வேன். முதல் பாதியை எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். இரண்டாவது பாதியைக் கேட்டவர்கள்தான் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களின் கிட்டார் பீரோ மேல் இருக்கிறது.

நான் வாசிப்பது எஃப்ஜி 800. ஞாயிறு ஆராதனை, சனிக்கிழமை பயிற்சி, கல்யாண வீடு, கேரல், அப்புறம் வீட்டில் சும்மா என்று நன்றாகவே உழைத்திருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் லேபிள் சீனாவில் செய்தது என்கிறது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பளபளப்பான வெளிர் மர முகப்பு, கறுப்புக் கரை, கம்பியை மீட்டும் பிக் உரசும் இடத்தில் ஆமையோட்டு நிறத்தில் ஒரு தகடு, அவ்வளவுதான். கடையில் பக்கத்தில் தொங்கும் நீல நிற, சிவப்பு நிற கிட்டார்களுக்கு நடுவில் இது அரசு அலுவலகத்து மேசை மாதிரி தெரியும். வாங்க வந்த பையன்களின் கண் இதன் மேல் விழவே விழாது.

காசு எங்கே போயிருக்கிறது என்று கேட்டால், முகப்புப் பலகையில். கிட்டாரில் சத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மேல் பலகைதான், டாப் என்பார்கள். எஃப்ஜி 800-இல் அது சாலிட் ஸ்ப்ரூஸ், அதாவது ஸ்ப்ரூஸ் என்ற மரத்தில் முழுசாக அறுத்த பலகை. பத்தாயிரம் ரூபாய் கிட்டார்களில் அந்த இடத்தில் இருப்பது லேமினேட், நம் பாஷையில் பிளைவுட். மெல்லிய ஏடுகளைப் பசை வைத்து ஒட்டி, மேல் ஏட்டை மட்டும் அழகான ஸ்ப்ரூஸாகப் போட்டிருப்பார்கள். பிளைவுட் விரியாது, வெடிக்காது, முரட்டுத்தனம் தாங்கும். ஆனால் கம்பி அதிரும்போது கூடவே தாராளமாக அதிராது. முழுப் பலகை அதிரும். வாசிக்க வாசிக்கச் சத்தம் கொஞ்சம் திறந்துகொண்டே போகும். என்னுடையது புதிதில் இறுக்கமாகத்தான் இருந்தது. இப்போது ஜி கார்டை, அதாவது ஜி சுரக் கூட்டை, ஓங்கி அடித்தால் அடிக் கம்பியின் நாதம் விலா எலும்பில் தெரிகிறது.

பின்பலகையும் பக்கப் பலகையும் இதிலும் லேமினேட்தான், நாட்டோ அல்லது ஒக்குமே மரம். அதில் குறை ஒன்றுமில்லை. இந்த விலையில் அப்படித்தான் செய்ய முடியும். முழுக்க முழுக்கச் சாலிட் வேண்டும் என்றால் இதன் இருமடங்குக்கும் மேலே போக வேண்டும்.

சாலிட் டாப்பா என்று கடையில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நடுவில் இருக்கும் வட்ட ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள், போன் டார்ச்சை அடித்து. மேற்பரப்பில் நீளவாக்கில் ஓடும் மரக்கோடுகள் அந்த வெட்டு விளிம்பிலும் அதே இடத்தில் இறங்கித் தொடர்ந்தால் முழுப் பலகை. விளிம்பில் ஏடு ஏடாக அடுக்கு தெரிந்தால் பிளைவுட். விளிம்பில் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் ஒன்றும் தெரியாது, அப்போது அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "ஸ்ப்ரூஸ் டாப்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது லேமினேட் என்றே வைத்துக்கொள்ளலாம். சாலிட் என்ற சொல்லைச் சேர்க்க வாய்ப்பிருந்தால் எந்தக் கம்பெனியும் அதை விடாது. ஒரு கடையில் விற்பனைப் பையன் என்னிடம், "எல்லாமே சாலிட் வுட்தான் சார், தட்டிப் பாருங்க" என்று விரலால் தட்டிக் காண்பித்தான். தட்டினால் கதவும்தான் சத்தம் கொடுக்கும்.

எஃப்ஜி என்ற பெயர் பழையது. யமஹா இந்த வரிசையை 1966-இல் தொடங்கியது, எஃப்ஜி 180, எஃப்ஜி 150 என்ற இரண்டு மாடல்களோடு. 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தோளில் கயிறு கட்டி வாசித்தது ஓர் எஃப்ஜி 150. இப்போதைய 800 வரிசை 2016-இல் வந்தது. முகப்புப் பலகைக்கு உள்ளே தாங்கலாக ஒட்டியிருக்கும் மரச் சட்டங்களை இந்த வரிசையில் நடுவே பள்ளமாகச் செதுக்கி இலேசாக்கினார்கள். அடிக் கம்பிகளின் சத்தம் நிறைவாக வருவதற்கு அதுதான் காரணம் என்கிறார்கள். என் காதும் ஒத்துக்கொள்கிறது.

820, 830, 840, 850 என்று மேலே மேலே போகிறதே, அது எதற்கு என்று கேட்பார்கள். இந்த வரிசை முழுவதும் சாலிட் டாப்தான். மாறுவது பெரும்பாலும் பின்பலகை, பக்கப் பலகை மரமும் அலங்காரமும். 820-இல் மஹோகனி, 830-இல் ரோஸ்வுட், 840-இல் மேப்பிள். 850-இல் மட்டும் டாப்பும் மஹோகனி. 830-ன் சத்தத்தில் ஒரு மினுக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை வித்தியாசத்தில் நல்ல பையும், இரண்டு வருடத்துக்கான கம்பியும், சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வியான ஒரு கேப்போவும் வந்துவிடும். சபைக்கு வாசிக்கிறவன் 800-லேயே நின்றுகொள்ளலாம்.

ரோஸ்வுட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டிதான், தோதகத்தி என்றும் சொல்வார்கள். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதிலிருந்து உலகத்து நல்ல கிட்டார்களில் பாதிக்கு முதுகு நம் மலை மரம் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. 2017-இல் இந்த மர இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் காகிதம் வேண்டும் என்றானது. அப்போது பல கம்பெனிகள் விரல் பலகைக்கு, அதாவது கழுத்தின் மேல் நாம் கம்பியை அழுத்தும் பலகைக்கு, வால்நட் முதலிய மரங்களைத் தேடிப் போயின. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள், ஆனால் போன கம்பெனிகள் பல திரும்பவில்லை. எஃப்ஜி 800-லும் முதலில் ரோஸ்வுட் விரல் பலகை இருந்தது, பிறகு வால்நட் வந்தது. விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சரி, இப்போது குறைக்கு வருவோம். எஃப்ஜி 800-ன் ஒரே பெரிய குறை, அது கடைக்கு வந்து சேரும் கோலம். கம்பிக்கும் விரல் பலகைக்கும் நடுவே உள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்போம். விரல் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். என்னுடையதில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஆறாவது கம்பி 3 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது, மெல்லிய முதல் கம்பி 2.3. இது இந்த ஒரு மாடலின் வியாதி இல்லை. இந்த விலையில் வரும் எல்லா கிட்டாரையும் தொழிற்சாலையில் கொஞ்சம் உயரமாகவே வைத்து அனுப்புகிறார்கள். தாழ்வாக வைத்து, எங்கோ ஓர் ஊரின் வெயிலில் கம்பி ஃப்ரெட்டில் தட்டி இரைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உயரமாக இருந்தால் யாரும் திருப்ப மாட்டார்கள், புதிதாகக் கற்பவன் தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான்.

விரல் வலி பாதிக் கதைதான். கம்பி உயரமாக இருந்தால் அதை அழுத்தும்போது அது இழுபடுகிறது, சுருதி கூடிவிடுகிறது. வெறும் கம்பிகளை டியூனரில் பச்சை விளக்கு எரியும் வரை சேர்த்து வைத்திருப்பீர்கள், எஃப் கார்டு பிடித்ததும் எங்கோ ஒரு பிசிறு. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அக்கா திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். கேப்போ மாட்டினால் இன்னும் மோசம். பாடுகிறவர்களின் சாரீரத்துக்கு ஏற்ப இரண்டாம் ஃப்ரெட், நான்காம் ஃப்ரெட் என்று கேப்போ மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய சபை வாசிப்பில் இது தினப்படி தலைவலி. "யமஹாவே சுருதி நிக்கலண்ணே" என்று கொண்டுவரும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கும் கோளாறு இதுதான். சுருதி சேர்க்கத் திருகும் கீயில் கோளாறு ஒன்றும் இல்லை. எஃப்ஜி 800-ன் கீகள் வார்ப்பு உலோகத்தில் மூடி வைத்தவை, நிதானமாகச் சுற்றும், நன்றாகப் பிடித்து நிற்கும்.

சரி செய்வது பெரிய வித்தையில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி, ஆறாவது கம்பியைப் பதினாலாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தும் நுழையாமலும் இருந்தால் போதும். அதைவிட அதிகம் என்றால் வட்ட ஓட்டைக்குள் தெரியும் டிரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, அலன் கீயால் கால் சுற்று இறுக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகக் கூடாது. பயமாக இருந்தால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது சேடில். முகப்பில் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் கட்டைதான் பிரிட்ஜ், அதன் மேல் கம்பிகள் ஏறி உட்காரும் அந்த வெள்ளைப் பட்டை. கம்பியைத் தளர்த்திவிட்டு இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தினால் கழன்று வந்துவிடும், பசை கிடையாது. இங்கே ஒரு கணக்கு: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் எவ்வளவு குறைய வேண்டுமோ அதைப் போல இரண்டு மடங்கு சேடிலில் குறைக்க வேண்டும். எனக்கு ஆறாவது கம்பியில் 0.7 குறைய வேண்டியிருந்தது, சேடிலின் அந்தப் பக்கம் 1.4. முதல் கம்பியில் 0.5, ஆகவே இந்தப் பக்கம் 1. அடிப்பாகத்தில் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். மேல் வளைவைத் தொடவே கூடாது, அடியை மட்டும்தான். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தரம் நிறுத்தி, மேசையில் வைத்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடி சமமாக இல்லாவிட்டால் சத்தம் செத்துப்போகும். வெள்ளைத் தூள் மூக்கில் ஏறும், துணி கட்டிக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டி, சுருதி சேர்த்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது 2.3-உம் 1.8-உம் வந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி எஃப் கார்டு முனகாமல் வந்தது. அதே கிட்டார்தான், அதே கம்பிதான். இதை வாங்கும் கடையிலேயே செய்துதரச் சொல்லலாம். பெரிய ஊர்க் கடைகளில் செய்கிறார்கள், சில இடங்களில் வாங்கியவருக்கு இலவசமாகவே. கூச்சப்படாமல் கேளுங்கள். "ஆக்‌ஷன் குறைச்சுத் தாங்க" என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும். "வாசிக்க வாசிக்கப் பழகிடும் சார்" என்று பதில் வந்தால் கடை மாற்றுங்கள்.

சாலிட் டாப்புக்கு இன்னொரு செலவு உண்டு. அது காசு இல்லை, கவனிப்பு. முழுப் பலகை காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிட்டாருக்கு உத்தமம் என்கிறார்கள். நம் ஊரில் அது எந்த மாதம் கிடைக்கும் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பலகை உப்பி, பிரிட்ஜ் ஒரு நூலளவு மேலே வந்து, ஆக்‌ஷன் கூடும். சித்திரை வைகாசியில் தலைகீழ். விரல் பலகை வற்றி, ஃப்ரெட் கம்பிகளின் முனை பக்கவாட்டில் துருத்தி உள்ளங்கையைக் கீறும். இதைப் பார்த்து ஐயோ கிட்டார் போச்சு என்று பதற வேண்டாம். மழை நாளில் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வையுங்கள். புது ஷூ பெட்டியில் வருமே, அதேதான். கோடையில் அதை எடுத்துவிடுங்கள். சுவரில் ஆணியடித்து மாட்டுகிறவர்கள் மேற்குப் பார்த்த சுவரை விட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சுவரில் கை வைக்க முடியாது.

கார் இன்னும் ஆபத்து. மே மாத மத்தியானம் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டால் பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசை இளகும். கம்பிகளின் இழுவிசை மொத்தமாக 70 கிலோவுக்கு மேல். பசை இளகின நேரத்தில் அது பிரிட்ஜின் பின்விளிம்பைப் பெயர்த்துவிடும். ஆம்னி பஸ்ஸின் கீழ் டிக்கியும் இதே கதைதான், இன்ஜின் சூடு வேறு. மடியில் வைத்துக்கொண்டு போவது அசிங்கமில்லை. ரயிலில் மேல் பெர்த் எடுத்துக்கொண்டால் தலைமாட்டில் படுக்க வைத்துவிடலாம்.

இந்தக் கவனிப்பு எனக்கு ஒத்துவராது என்று நினைப்பவர்களுக்கும், பிள்ளை தொடர்ந்து வாசிப்பாளா என்று சந்தேகப்படுகிற பெற்றோருக்கும், யமஹா எஃப் 310 இருக்கிறது. லேமினேட் டாப், பத்தாயிரம் ரூபாய் வாக்கில். இதை நான் கீழாகப் பேச மாட்டேன். இந்த ஊரில் கிட்டார் கற்றவர்களை எண்ணினால் பாதிப்பேர் ஏதோ ஓர் எஃப் 310-இல்தான் தொடங்கியிருப்பார்கள். கம்பி நீளம் 634 மில்லிமீட்டர், எஃப்ஜி 800-ல் 650. குறைந்த நீளம் என்றால் கம்பி கொஞ்சம் தளர்வாக இருக்கும், ஃப்ரெட்டுகள் நெருங்கி இருக்கும், புது விரலுக்குச் சுகம். எஃப்ஜி 800-ஐயும் இதையும் அடுத்தடுத்து வாசித்தால் இதன் சத்தம் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுவது தெரியும். தனியாக வாசித்தால் தெரியாது. ஆக்‌ஷன் குறைத்த எஃப் 310, குறைக்காத எஃப்ஜி 800-ஐ விட நல்ல கிட்டார். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அதற்கும் கீழே எஃப் 280 இருக்கிறது, சென்னைப் பக்கம் இருக்கும் யமஹா தொழிற்சாலையில் செய்வது. பைக் செய்யும் யமஹாவுக்கும் சென்னைப் பக்கம் தொழிற்சாலை இருக்கிறது, ஆனால் அது தனிக் கம்பெனி. 1955-இல் பிரிந்து போன பங்காளி. ரெண்டு பேரின் முத்திரையிலும் இருப்பது மூன்று சுருதிக் கவைகள்தான், பைக் டாங்க்கில் ஒட்டியிருப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

எஃப்எஸ் 800-ஐப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். அதே சாலிட் டாப், அதே செய்நேர்த்தி, ஆனால் உடம்பு சின்னது, இடுப்பு குறுகல், கம்பி நீளம் 634. குழுவில் ஒரு கல்லூரிப் பெண் எஃப்ஜியை அணைத்து வாசித்தால் வலது தோள் காதுக்கு ஏறி நிற்கும், அரை மணியில் முதுகு வலி. எஃப்எஸ் கொடுத்ததும் தோள் இறங்கிவிட்டது. விரலால் மீட்டி வாசிப்பவர்களுக்கும் இதில் கம்பிகள் தனித்தனியாகத் தெளிந்து கேட்கும். அப்படியானால் நான் ஏன் எஃப்ஜி வைத்திருக்கிறேன்? கேரல் ரவுண்ட்ஸ்தான் காரணம். மைக் கிடையாது, இருபது பேர் பாடுகிறார்கள், ஒருவன் டிரம் அடிக்கிறான், இரண்டு பேர் டாம்பரின், நடுவே நாய் வேறு. பெரிய உடம்பு இல்லாவிட்டால் நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்காது.

யமஹாவுக்கு வெளியே என்றால் ஃபெண்டர் சிடி 60 எஸ். இதுவும் சாலிட் ஸ்ப்ரூஸ் டாப், இதே விலை வட்டம். விரல் பலகையின் ஓரங்களை உருட்டி மழுக்கியிருக்கிறார்கள், கழுத்தைப் பிடிக்கும்போது பழைய கிட்டாரைப் பிடித்தது போல மெத்தென்று இருக்கிறது. கையில் எடுத்த முதல் ஐந்து நிமிடத்தில் ஃபெண்டர்தான் ஜெயிக்கும். அடிக் கம்பிகளின் கனத்தில் எனக்கு எஃப்ஜி பிடித்தது. நண்பர் ஒருவருக்கு நேர்மாறாகப் பிடித்தது, வாங்கினார், சந்தோஷமாக இருக்கிறார். இரண்டில் எதை எடுத்தாலும் பழுதில்லை. கடையில் இரண்டும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நாலடி எதிரே உட்கார்ந்து கேளுங்கள். நாம் வாசிக்கும்போது நமக்குக் கேட்பது ஒன்று, எதிரே இருப்பவருக்குக் கேட்பது வேறு.

இந்த விலையில் நான் வேண்டாம் என்று சொல்வது எலக்ட்ரோ அகூஸ்டிக்கை, அதாவது வயர் செருகி ஸ்பீக்கரில் வாசிக்கும் கிட்டாரை. ஓரத்தில் வெட்டு, பக்கவாட்டில் பட்டன்கள், உள்ளே சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப், பேட்டரி. பார்க்க ஜோராக இருக்கும். பன்னிரண்டாயிரத்துக்கு இவ்வளவும் எப்படி வந்தது என்று யோசியுங்கள், மரத்தில் கை வைத்துத்தான் வந்திருக்கும். பிக்கப் தேவைப்பட்டால் பிறகு நல்லதாகப் போட்டுக்கொள்ளலாம், அல்லது ஆராதனையில் ஒரு மைக்கை ஸ்டாண்டோடு பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக வைத்தால் போதும். வட்ட ஓட்டைக்கு நேரே வைக்காதீர்கள், பூம் பூம் என்று ஊளையிடும்.

இன்னொன்று நைலான் கிட்டார் குழப்பம். யமஹா சி 40 மாதிரியான கிளாசிக்கல் கிட்டாரை, கம்பி மெத்தென்று இருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு வாங்கிவிடுகிறார்கள். தப்பில்லை, அது வேறு கருவி. கழுத்து நல்ல அகலம், 52 மில்லிமீட்டர். எஃப்ஜியில் 43தான். ஆனால் கம்பி அறுந்ததும் பக்கத்துக் கடையில் ஸ்டீல் கம்பி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். நைலானின் இழுவிசை ஏறக்குறைய 40 கிலோ, அதற்காகவே செய்த இலேசான பலகை. ஸ்டீலைத் தாங்காமல் வயிறு உப்பி, கழுத்து வளைந்து, சில மாதத்தில் வில்லாகிவிடும். பிரிட்ஜில் ஆறு பின் குத்தியிருந்தால் ஸ்டீல், கம்பியை ஓட்டையில் விட்டு முடிச்சுப் போட்டிருந்தால் நைலான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது? ஆன்லைனில் விலை சில நூறு ரூபாய் குறையலாம், ஆனால் ஒரே மாடலில் இரண்டு கிட்டார் ஒரே மாதிரி இருப்பதில்லை, மரம் அல்லவா. சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்குப் போய்ப் பாருங்கள். 1842-இல் தொடங்கிய கடை, பல பிராண்டுகளை ஒரே இடத்தில் எடுத்து வாசித்துப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் முடியாது என்றால் மதுரையோ திருவனந்தபுரமோ. எந்தக் கடையானாலும் கூட வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மதிய சாப்பாடு அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.

கடையில் பாட்டு வாசித்துக் காட்ட வேண்டாம். ஒவ்வொரு கம்பியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக அழுத்தித் தட்டிப் பாருங்கள், எங்காவது இரைகிறதா, எங்காவது சத்தம் சட்டென்று செத்துப்போகிறதா என்று. இதற்குப் பத்து நிமிடம் ஆகும், கடைக்காரர் கொட்டாவி விடுவார், விடட்டும். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை இலேசாகத் தொட்டு மணி மாதிரி ஒலிக்கவிட்டு, அதே இடத்தில் அழுத்தியும் வாசியுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். கிளிப் டியூனரை மாட்டிப் பார்த்தால் காதை நம்ப வேண்டியதில்லை. கடைசியாகத் தலைப் பக்கத்திலிருந்து கழுத்தை ஒரு கண்ணால் பாருங்கள், முறுக்கு இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். வளைவைச் சரி செய்யலாம், முறுக்கைச் செய்ய முடியாது.

பழைய கிட்டாரும் நல்ல வழிதான். உற்சாகமாக வாங்கி மூன்று மாதத்தில் விட்டுவிட்ட எஃப்ஜிகள் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன, பாதிக்குச் சற்று மேல் விலையில். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. டிரஸ் ராட் சுற்றுகிறதா என்று கேளுங்கள். கீறல், பெயின்ட் உரிந்தது, பெயர் செதுக்கியது இதெல்லாம் பேரம் பேச உதவும், வாசிப்புக்குப் பங்கமில்லை. நான் பார்த்த ஒன்றில் முகப்பு முழுக்க ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தேன், அருமையான சத்தம்.

கம்பி விஷயம் சுருக்கமாக. எஃப்ஜி 800 கடையில் 12-53 கனத்தில் வருகிறது, மெல்லிய கம்பியின் தடிமனும் தடித்த கம்பியின் தடிமனும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். புதியவர்கள் 11-52க்கு மாறிக்கொள்ளலாம், விரலுக்கு நிம்மதி, சத்தம் பெரிதாகக் குறையாது. நம் வேர்வைக்கும் ஈரத்துக்கும் கம்பி சீக்கிரம் கறுக்கும். வாசித்து முடித்ததும் பழைய காட்டன் வேட்டித் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு சேர்த்துத் துடைத்துவிட்டால் ஆயுள் கூடும். பூச்சுப் பூசிய கம்பி இருமடங்கு விலை, ஆனால் அதைவிட அதிக நாள் வருகிறது, கடற்கரைப் பக்கத்துக்காரர்கள் அதையே போடுங்கள். இடிந்தகரைக்காரர் ஒருவர் சாதாரணக் கம்பி தனக்கு ஒரு மாதம் கூட வருவதில்லை என்கிறார்.

இந்த வருடம் கேரலுக்கு வாங்க நினைப்பவர்கள் அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்து, "எண்ணே, இன்னிக்கு ராத்திரி ரவுண்ட்ஸ் இருக்குல்லா, இதக் கொஞ்சம் குறைச்சுத் தாங்க" என்று நின்றால் என்னால் முடியாது. சேடில் தேய்க்க நிதானம் வேண்டும், அப்போது என் கையில் இன்னும் நாலு பேருடைய சேடில் இருக்கும்.